இருக்கை சரியானால் கை அடங்கும்: குதிரையேற்றக் கேள்வி-பதில்

குதிரையேற்றத்தையும், வகுத்த அசைவுகளை நுட்பமாகச் செய்யக் குதிரையைப் பழக்கும் டிரஸாஜையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், தொடக்கநிலைச் சவாரியாளர்களுக்குப் பொதுவாக உதவக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். குதிரையின் குறை என்று எழுதப்பட்டிருந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேணத்தின் மேல் இருப்பவரின் குறையையே விவரித்தன. ஆகவே பதில்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. குதிரையேற்றப் பயிற்சியில் சேர்த்து மூன்று மாதங்கள் ஆகின்றன. இன்னமும் அவள் கையில் கடிவாள வாரைக் கொடுக்கவில்லை. ஆசிரியர் நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றவிடுகிறார். சில நாட்களில் பாதம் ஊன்றும் அங்கவடியையும் கழற்றிவிடுகிறார். அதே சமயத்தில் வேறு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் கேன்டரே (மிதமான பாய்ச்சல்) ஓட்டுகிறார்கள். கட்டணம் வீணாகிறதா? (ஒரு தாய், கோயம்புத்தூர்)

பதில்: வீணாகவில்லை. உங்கள் மகளுக்கு நல்ல ஆசிரியர் அமைந்திருக்கிறார் என்றே சொல்வேன். நீங்கள் விவரிக்கும் முறைக்கு லஞ்சிங் என்று பெயர். எட்டு மீட்டர் அளவு நீளமுள்ள பட்டைக் கயிற்றின் ஒரு முனை குதிரையின் முகப்பட்டையிலும், மறுமுனை வட்டத்தின் நடுவே நிற்கும் ஆசிரியரின் கையிலும் இருக்கும். வேகத்தையும் திசையையும் ஆசிரியரே பார்த்துக்கொள்வதால், மேலே இருக்கும் மாணவி தன் உடலை மட்டும் கவனித்தால் போதும். 1565 முதல் ஆவணங்களில் காணப்படும் வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில், புதிதாகச் சேரும் இளைஞர்கள் வாரும் அங்கவடியும் இல்லாமல், நன்கு பழகிய லிப்பிசானர் இன ஆண்குதிரைகளின் மீது மாதக்கணக்கில் இப்படித்தான் சுற்றுகிறார்கள். அந்தப் பள்ளி பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள 2008 வரை ஆயிற்று என்பது வேறு விஷயம். அந்த வகையில் உங்கள் மகளின் பள்ளி முன்னேறியே இருக்கிறது.

இவ்வளவு காத்திருக்கவேண்டியதன் காரணம் குதிரையின் வாயில் இருக்கிறது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே, கீழ்த்தாடையில் பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. அங்கே மெல்லிய ஈறு மட்டுமே எலும்பை மூடியிருக்கும். கடிவாள இரும்பு அந்த ஈற்றின் மீதும் நாக்கின் மீதும் படிந்துதான் கிடக்கிறது. சேணத்தில் நிலைதடுமாறும் எவரும் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு சமாளிக்கவே பார்ப்பார்கள். கையில் இருப்பது வாராக இருந்தால், ஒவ்வொரு தடுமாற்றத்திலும் அவர்களுடைய எடையின் ஒரு பங்கு அந்த ஈற்றின் மேல் விழும். வலி பொறுக்காமல் குதிரை தலையைத் தூக்கும், தலை உயர்ந்தால் முதுகு இறங்கி விறைக்கும், விறைத்த முதுகின் மேல் இருப்பவர் இன்னும் அதிகமாகக் குலுங்குவார், குலுங்கினால் இன்னும் இறுகப் பிடிப்பார். இந்தச் சுழலில் ஒருமுறை பழகிவிட்ட கையைத் திருத்துவது, முதலிலிருந்து கற்றுத் தருவதைவிடக் கடினம். வேறு பள்ளியில் கேன்டர் ஓட்டும் பிள்ளைகளில் எத்தனை பேர் வாரைப் பிடிமானமாகப் பயன்படுத்தாமல் ஓட்டுகிறார்கள் என்று ஒருநாள் போய் நின்று பாருங்கள்.

மகளின் முன்னேற்றத்தை வேலிக்கு வெளியே நின்றபடியே நீங்கள் அளக்கலாம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது காது, தோள், இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். கால்கள் முன்னே நீண்டு நாற்காலியில் சாய்ந்ததுபோல் அமர்ந்திருந்தால், குதிரை திடீரென்று மறைந்துவிட்டால் அவள் முதுகு தரையில் படும்படி விழுவாள் என்று பொருள். கோடு சரியாக இருந்தால் இரு பாதங்களிலும் நிற்பாள். ஆனால் அசையாமல் இருப்பது நோக்கமன்று. குதிரை நடக்கும்போது அதன் இடது பின்கால் முன்னே செல்லும் கணத்தில் வயிறு வலப்பக்கம் ஒதுங்கும். அப்போது சவாரியாளரின் இடது இடுப்பு சற்றே தாழ்ந்து முன்னே போக வேண்டும். அடுத்த அடியில் வலது இடுப்பு. இந்த இடவலமான அசைவைத் தடுக்காமல், மிகைப்படுத்தாமல் அவள் ஏற்றுக்கொள்கிறாளா என்று கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘இப்போது இடது பின்கால், இப்போது வலது’ என்று அவளால் சரியாகச் சொல்ல முடிந்தால், இருக்கை, அதாவது சேணத்தில் நிலையாக அமரும் திறன், உருவாகிவிட்டது என்று துணிந்து நம்பலாம். ட்ராட்டில் (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்) இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி, கால் நிலை மாறாமல் இரண்டு மூன்று சுற்றுகள் வர முடிகிற நாளில் ஆசிரியர் தாமாகவே வாரைக் கொடுப்பார்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிறு வட்டத்தில் ஓயாமல் சுற்றுவது குதிரையின் கால்மூட்டுகளுக்குச் சுமை என்பதால், லஞ்சிங் பாடம் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் திசையும் மாற வேண்டும்.

கேள்வி: நடையில் நன்றாக அமர்கிறேன். குதிரை ட்ராட்டுக்கு மாறியவுடன் என்னைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. முழங்காலை இறுக்கிப் பிடித்தும் பயனில்லை. எழுந்து அமரும் ட்ராட்டில் எந்தக் கணத்தில் எழ வேண்டும் என்பதும் பிடிபடவில்லை. (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: முழங்காலை இறுக்குவதுதான் உங்களைத் தூக்கிப்போடுகிறது. துணி மாட்டும் கிளிப்பைத் தடித்த குழாயின் மேல் வைத்து அழுத்தினால் அது பிடிக்காமல் மேலே எகிறும் அல்லவா, அதேதான் உங்கள் தொடைகளுக்கும் நடக்கிறது. தொடையைத் தளர்த்தினால் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் இயல்பு. ஆனால் தளர்ந்த கால் தன் எடையாலேயே கீழே தொங்கி, உடலைச் சேணத்துக்குள் ஆழமாக இறக்குகிறது.

ட்ராட்டில் குதிரை மூலைவிட்டமாக உள்ள கால்களை இணைசேர்த்து எடுத்துவைக்கிறது: இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக, பிறகு வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக. இரண்டுக்கும் இடையே நான்கு கால்களும் தரையை விட்டு நீங்கும் நொடிக்கும் குறைவான இடைவெளி ஒன்று உண்டு. முதுகு உங்களை மேலே எறிவது அந்த இடைவெளியில்தான். எழுந்து அமரும் ட்ராட் என்பது அந்த எறிதலை எதிர்க்காமல் பயன்படுத்திக்கொள்வது. அங்கவடியை மிதித்து நேராக எழுந்து நிற்க முயலாதீர்கள். முழங்கால் இருந்த இடத்திலேயே தங்க, இடுப்பு மேலே போவதைவிட முன்னே, உங்கள் கைகளை நோக்கிச் செல்லட்டும். எழும் உயரம் சேணத்திலிருந்து நான்கு விரல் அளவு இருந்தாலே போதும். அமரும்போது பொத்தென்று விழாமல், வயிற்றுத் தசையால் உங்கள் எடையை நீங்களே தாங்கி இறக்குங்கள்.

எப்போது எழுவது என்பதற்கு எளிய அடையாளம், வட்டத்தின் வெளிப்பக்கமுள்ள முன்தோள். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி அதைப் பாருங்கள். அது முன்னே செல்லும்போது எழுங்கள், பின்னே வரும்போது அமருங்கள். வெளிப்புற முன்காலுடன் உட்புறப் பின்காலும் சேர்ந்தே முன்னேறுகிறது. வட்டத்தில் அதிக வேலை செய்ய வேண்டிய கால் அதுவே. அது காற்றில் இருக்கும்போது முதுகில் உங்கள் எடை இல்லாவிட்டால் உடலுக்கடியில் நன்றாக எட்டி வந்து ஊன்றும். திசை மாற்றும்போது தொடர்ந்து இரண்டு தட்டுகளுக்கு அமர்ந்திருந்து எழுந்தால் இணை மாறிவிடும். நேர்ப்பாதையில் நெடுந்தூரம் செல்லும்போதும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் குதிரையின் முதுகில் ஒரு பக்கத் தசை மட்டும் வளரும்.

இதற்கெல்லாம் முன், வாய்விட்டு ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எண்ண முடியாது. மூச்சை அடக்கியிருந்தால் முதுகைத் தளர்த்தவும் முடியாது.

கேள்வி: எனக்கு 48 வயது, எடை 92 கிலோ. சிறு வயதிலிருந்தே ஆசை. இப்போதுதான் வசதி வாய்த்திருக்கிறது. முதுகும் இடுப்பும் முன்போல் வளைவதில்லை. இந்த வயதில் தொடங்குவது நகைப்புக்கிடமாகுமா? (அரசு ஊழியர், வேலூர்)

பதில்: ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸாஜ் போட்டியில் பங்கேற்றபோது அவருக்கு வயது 71. பிரிட்டனின் லோர்னா ஜான்ஸ்டன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பங்கேற்றபோது வயது 70. அவர்கள் இளமையிலிருந்தே பழகியவர்கள் என்று நீங்கள் சொல்லலாம், நியாயந்தான். ஆனால் வேறெந்த விளையாட்டில் அந்த வயதில் அந்த மேடை கிடைக்கும்? உடல் வலிமையை நினைத்துத் தயங்குவோருக்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலைச் சொல்வேன். இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அவரைக் குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் மற்றவர்கள் உதவ வேண்டியிருந்தது. டிரஸாஜில் பெண்கள் ஆண்களோடு போட்டியிட முதன்முறையாக அனுமதிக்கப்பட்ட 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் வெள்ளி வென்றார். 1956-இல் மீண்டும் வென்றார். கெண்டைக்கால் இல்லாமல் எடையாலும் இடுப்பாலும் குதிரையோடு பேச முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

உங்கள் விஷயத்தில் வயதைவிட எடைதான் கணக்குப் பார்க்க வேண்டியது. சவாரியாளரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. உங்கள் எடையோடு சேணத்தைச் சேர்த்தால் 100 கிலோ வந்துவிடும் என்பதால், 500 கிலோவுக்குக் குறையாத, உறுதியான முதுகுள்ள குதிரை வேண்டும். இதைக் கூச்சப்படாமல் பள்ளியில் கேளுங்கள். ‘எந்தக் குதிரையும் தாங்கும்’ என்று பதில் வந்தால் வேறு பள்ளி பாருங்கள். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறாமல், ஏறுமேடையிலிருந்து ஏறுங்கள். அது உங்கள் இடுப்புக்கும் நல்லது, குதிரையின் தண்டுவடத்துக்கும் நல்லது. முதுகெலும்பில் ஏற்கெனவே சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

கேள்வி: வட்டத்தில் செல்லும்போது குதிரை உள்ளே சரிந்து, வட்டம் சிறுத்துக்கொண்டே போகிறது. வெளிப்புற வாரை இழுத்தால் தலை மட்டும் வெளியே திரும்புகிறது, உடல் வருவதில்லை. ‘உட்காலிலிருந்து வெளி வாருக்கு’ என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், எனக்கு விளங்கவில்லை. (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது மெய்; ஆனால் அது முடிவைச் சொல்லும் வாக்கியம், வழியைச் சொல்வதன்று. வழியை உங்கள் உடலிலிருந்து தொடங்குவோம். வட்டத்துக்குள் நுழையும்போது பெரும்பாலோர் உள்பக்கத் தரையைப் பார்க்கிறார்கள். தலை உள்ளே சாய்ந்தால் உள்தோள் தாழும், உள்ளிடுப்பு மடியும், எடை வெளிப்பக்கம் வழுக்கும் அல்லது உள்தோளின் மேல் குவியும். குதிரை தன் சுமைக்கு அடியில் வந்து நிற்கவே விரும்பும் பிராணி; நீங்கள் சரிந்த பக்கம் அதுவும் சரிகிறது. கீழ்ப்படியாமை என்று நீங்கள் நினைப்பது, பெரும்பாலும் மிகச் சரியான கீழ்ப்படிதல்.

ஆகவே முதல் வேலை, வட்டத்தின் கால்பங்கு தூரத்துக்கு முன்னே பார்வையை வைப்பது. உங்கள் தோள்கள் குதிரையின் தோள்களுக்கு இணையாகவும், இடுப்பு அதன் இடுப்புக்கு இணையாகவும் இருக்கட்டும். உள்கால் வயிற்றுப்பட்டைக்கு அருகில் தொங்கி, குதிரையின் உட்புறப் பின்கால் எழும் கணத்தில் மட்டும் மெல்லத் தட்டும். வெளிக்கால் அதிலிருந்து ஒரு கையகலம் பின்னே இருந்து, பின்பகுதி வெளியே வழுக்காமல் காக்கும். உள்வார், குதிரையின் உட்கண்ணின் ஓரம் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் வளைவைக் கேட்கும். அதற்கு மேல் வேண்டாம். இவ்வளவும் நடக்கும்போது, உள்காலால் தள்ளப்பட்ட உடல் வெளிப்பக்கமாக நிறைந்து, வெளிவாரில் ஒரு சீரான, உயிருள்ள பாரத்தை நீங்கள் உணர்வீர்கள். ஆசிரியர் குறிப்பிடுவது அதைத்தான். வெளிவார் இழுப்பதற்கன்று, வந்து சேரும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு வேகத்தையும் வளைவையும் அளவோடு நிறுத்துவதற்கு.

சரியாகச் செய்கிறோமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. இரண்டு மூன்று அடிகளுக்கு உள்கையைக் குதிரையின் கழுத்தோரமாக முன்னே நீட்டி, உள்வாரை முழுதாகத் தளரவிடுங்கள். வட்டம் மாறாமல், வேகமும் மாறாமல் இருந்தால் நீங்கள் இருக்கையாலும் காலாலும் திருப்புகிறீர்கள். குதிரை உடனே உள்ளே விழுந்தால் இதுவரை அந்த வாரின் மேல்தான் அது சாய்ந்துகொண்டிருந்தது. வட்டமும் வட்டமாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 20 மீட்டர் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 63 மீட்டர். நடுவிலிருந்து 10 மீட்டர் கயிறு பிடித்து நான்கு திசைகளிலும் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு கால்பங்குக்கும் எத்தனை அடிகள் ஆகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பங்கில் மட்டும் எண்ணிக்கை குறைந்தால், குதிரை சரியும் இடம் அதுதான். பெரும்பாலும் லாயத்தை நோக்கியிருக்கும் பங்காக இருக்கும்.

கேள்வி: 2023 ஆசிய விளையாட்டில் இந்தியா டிரஸாஜில் தங்கம் வென்ற செய்தியைப் பார்த்து ஆர்வம் வந்தது. ஆனால் குதிரை தானாக ஆடுவது போலவும் மேலே இருப்பவர் சும்மா அமர்ந்திருப்பது போலவும் தெரிகிறது. எதற்கு மதிப்பெண் தருகிறார்கள்? (ஆசிரியை, மதுரை)

பதில்: சும்மா அமர்ந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றியதே அவர்களுக்குக் கிடைத்த பாராட்டு. சீனாவின் ஹாங்ஜோவில் 2023 செப்டம்பர் 26 அன்று அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா ஆகிய நால்வர் அணி வென்றது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் அது. அனுஷ் தனிநபர் வெண்கலமும் பெற்றார். 2024-இல் பாரிஸில், ஒலிம்பிக் டிரஸாஜில் பங்கேற்ற முதல் இந்தியரும் ஆனார். இவர்கள் ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயின்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உள்நாட்டில் அந்தத் தரத்துக்குப் பயிற்சி பெற்ற குதிரைகளும் ஆசிரியர்களும் இன்னும் மிகக் குறைவு.

போட்டி, 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட மணல் அரங்கில் நடக்கிறது. ஓரங்களில் எழுத்துப் பலகைகள் இருக்கும். எந்த எழுத்தில் ட்ராட் தொடங்க வேண்டும், எதில் வட்டம், எதில் நிற்றல் என்று முன்பே வகுத்திருப்பார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் சுழியத்திலிருந்து 10 வரை அரைப் புள்ளிகளோடு மதிப்பிட, இறுதியில் அது விழுக்காடாகிறது. உலகச் சாதனை வரிசையில் பெரிதும் பேசப்படுவது, 2014 டிசம்பரில் லண்டனில் வலெக்ரோ என்ற குதிரை இசைக்கேற்ற ஆட்டத்தில் பெற்ற 94.300 விழுக்காடு. அணியில் தங்கம் பெற்றுத் தந்த ஆட்டத்தில் கேன்டரில் காலை மாற்றி வைக்கும் நுட்பங்களெல்லாம் உண்டு; தொடக்கநிலை ஆட்டத்தில் நடை, ட்ராட், 20 மீட்டர் வட்டம், நேராக வந்து நிற்பது ஆகியவற்றுக்கு மேல் அதிகமில்லை. உயர்நிலையை வளர்க்கும் வரிசையை ஜெர்மானியர் ஆறு படிகளாகக் கூறுவர்: முதலில் மாறாத தாளம், பிறகு தளர்வு, வாயோடு மென்மையான தொடர்பு, உந்துவிசை, நேர்நிலை, கடைசியில் பின்கால்களின் மேல் உடலைக் குவித்துத் தாங்குதல். முதல் இரண்டும் இல்லாமல் மற்றவற்றுக்குத் தாவுவதே உலகெங்கும் காணப்படும் குறை. தலையை மார்போடு ஒட்ட வளைத்துவைத்தால் அழகாகத் தெரியும். ஆனால் அப்படி வாரால் வளைத்த கழுத்தை நல்ல நடுவர் முதுகைப் பார்த்தே கண்டுகொள்வார்.

கேள்வி: என் மகன் கேன்டரில் விழுந்தான். எலும்பு முறிவு இல்லை. ஆனால் இப்போது குதிரை அருகிலேயே போக மறுக்கிறான். ‘விழுந்தவுடன் ஏற்றிவிட்டிருக்க வேண்டும்’ என்கிறார்கள். உண்மையா? (தந்தை, ஈரோடு)

பதில்: அந்தப் பழைய வழக்கத்தை நான் ஏற்பதில்லை. தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் அன்றைக்கு மீண்டும் ஏற்றக் கூடாது. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், நடந்ததை மறத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுந்தபோது அணிந்திருந்த ஹெல்மெட் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம் என்பதால் அதை மாற்றிவிடுங்கள். இரு சக்கர வாகன ஹெல்மெட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; குதிரையேற்றத்துக்கென்றே தயாரித்தது வேண்டும். ஒரு காலத்தில் உயர்நிலை டிரஸாஜில் உயரமான தொப்பியே மரபாக இருந்தது. 2010-இல் அமெரிக்க ஒலிம்பியன் கோர்ட்னி கிங்-டை ஹெல்மெட் இன்றிப் பயிற்சி செய்கையில் குதிரையோடு விழுந்து மூளைக் காயத்துக்கு ஆளான பிறகு பார்வை மாறத் தொடங்கியது. 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

அச்சத்தை வாதிட்டு விரட்ட முடியாது. மகன் சில நாட்கள் குதிரையைத் துலக்கட்டும், கயிற்றில் பிடித்து நடக்கட்டும், குளம்பைச் சுத்தம் செய்யட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதையும், குதிரைக்கு நேர் பின்னால் பார்வை எட்டாது என்பதால் தோள்பக்கமாகக் குரல் கொடுத்தபடி அணுக வேண்டும் என்பதையும் அப்போதே பழக்குங்கள். ஏற விரும்பும் நாளில் லஞ்சிங் கயிற்றில், நடை மட்டும். கழுத்தில் ஒரு வாரைக் கட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்ற தெம்பு கிடைக்கும், குதிரையின் வாயும் தப்பும். கேன்டரை அவனே கேட்கும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: தொடக்கத்திலேயே என் கையில் சவுக்கும் காலில் குதிமுள்ளும் கொடுக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. மறுக்கலாமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: குதிமுள்ளைத் தயங்காமல் மறுக்கலாம். கால் தன்னிச்சையாக ஆடுகிறவரைக்கும் குதிமுள் அணிவது, தான் சொல்லாத கட்டளைகளைக் குதிரைக்குக் குத்திக் குத்திச் சொல்வதாகும். கால் அசையாமல் நிற்கக் கற்ற பிறகு, நுட்பமான அழுத்தத்துக்கு அது பயன்படும், வேகத்துக்கு அன்று. சவுக்கின் விஷயம் சற்று வேறு. காலின் மெல்லிய தட்டலுக்குக் குதிரை பதில் தராதபோது, காலுக்குப் பின்னால் ஒருமுறை தொட்டு நினைவூட்டிவிட்டு, மறுபடியும் மெல்லிய தட்டலுக்கே திரும்புவது அதன் முறையான பயன். கோபத்தில் ஓங்கினால் அது வேறு பொருளாகிவிடுகிறது. வலெக்ரோவின் மேல் மேற்சொன்ன சாதனையைப் படைத்த அதே ஷார்லட் டுஜார்டின், ஒரு பயிற்சியின்போது நீண்ட சவுக்கால் குதிரையின் கால்களில் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி வெளியானதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அவரை ஓராண்டு இடைநீக்கம் செய்தது. உச்சத்தில் இருப்பவரின் கையும் கண்காணிக்கப்பட வேண்டியதே.

கேள்வி: வாரம் ஒருமுறைதான் குதிரை கிடைக்கிறது. மற்ற நாட்களில் வீட்டில் என்ன செய்யலாம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதுகுச் சாய்வில்லாத மர முக்காலியில் அமர்ந்து, உள்ளங்கைகளைப் பிட்டத்தின் அடியில் வைத்தால் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றின் மேல் சமமாக எடையை நிறுத்தவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தோள் சாயாமல் மாற்றவும் பழகுங்கள். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தன்போக்கில் தாழவிடுங்கள். தரையில் சம்மணமிட்டு அமரும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இடுப்பு மூட்டைத் திறந்துவைக்க அது போதும், விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

கேள்வி: பந்தயத்தை முடித்த தரோபிரெட் குதிரை ஒன்று மலிவாக வருகிறது. தோட்டத்தில் இடமும் இருக்கிறது. சொந்தக் குதிரையிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆறு மாதங்களாகச் சவாரி பழகுகிறேன். வாங்கலாமா? (விவசாயி, பொள்ளாச்சி)

பதில்: இப்போது வேண்டாம். குதிரை மோசமானது என்பதால் அன்று. அது கற்ற பாடமும் நீங்கள் கற்கும் பாடமும் நேர் எதிரானவை என்பதால். பந்தயக் குதிரை, வாரில் பாரம் கூடும்போது அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடப் பழகியிருக்கும். புதியவர் பயந்தவுடன் செய்வது வாரை இறுக்குவதையே. நீங்கள் நிறுத்தச் சொல்கிறீர்கள், அதற்கு ஓடச் சொல்வதாகக் கேட்கிறது. இத்தகைய குதிரைகள் பொறுமையான கையில் ஓரிரு ஆண்டுகளில் அருமையான சவாரிக் குதிரைகளாக மாறுவதுண்டு. நம் நாட்டுப் பள்ளிகளில் பல அப்படி வந்தவைதாம். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்கிறவர் ஏற்கெனவே நன்றாக அமரத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வாங்கும் விலை செலவில் மிகச் சிறிய பகுதி. 450 கிலோ குதிரைக்கு உலர்தீவனம் மட்டுமே நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவ வேண்டும். நள்ளிரவில் வயிற்றுவலி கண்டால் குதிரை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். தனியாகக் கட்டிவைத்தால் கூட்டத்தில் வாழும் அந்த விலங்கு சுவரைக் கடிக்கவும் ஓயாமல் ஆடவும் தொடங்கும் என்பதால், துணைக்கு இன்னொன்றும் வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் ஓராண்டுக்குப் பள்ளியின் வயதான, பழகிய குதிரை ஒன்றில் வாரம் மூன்று பாடங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், உங்கள் ஆசிரியரை அழைத்துச் சென்று, முதலில் விற்பவரையே ஏறி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.